கருந்தேள் கையைத் தூக்கும் இடம்

பிப்ரவரி 3

அக்காவுக்கு,

என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு எழுதுகிறேன். சௌக்கியமா என்று கேட்கும் தைரியம் இல்லை. நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

சினிமாவில் சண்டைக்காரன் வேலை போன பிறகு நான் லிஃப்ட் மெக்கானிக் ஆனேன். போன மாதம் ஒரு வங்கிக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோய், இரண்டு மாடிக்கு நடுவே அதன் கூரைமேல் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லூரிப் பெண் ஒருத்தி அண்ணாந்து என்னையே பார்த்தாள். "சார், நீங்க இரும்புக் கொக்குதானே?" என்றாள். ஸ்பானர் கையிலிருந்து நழுவிவிட்டது. ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னாள். நின்றேன். அந்த ஆபீஸே வேலையை விட்டுவிட்டு வந்து கைதட்டியது.

நம்முடைய 'இரும்புக் கொக்கின் சபதம்' உங்கள் ஊரில் ஓடிக்கொண்டிருக்கிறது, அக்கா. ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் பழைய தியேட்டரில், ஒவ்வொரு சனிக்கிழமையும் மாலைக் காட்சி, அரங்கு நிறைந்து. வந்தபோது நான்கு நாள்கூட ஓடாத படம். அந்தப் பெண் தன் போனில் காட்டினாள். ஜனம் படம் பார்க்கவில்லை, படத்தோடு விளையாடுகிறது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய துறவியின் மணிக்கட்டில் வாட்ச் தெரியும்போது எல்லோரும் சேர்ந்து மணி கேட்கிறார்கள். அதே ஆறு அடியாட்கள் மீசையை மாற்றிக்கொண்டு மூன்று தரம் சாகும்போது பெயர் சொல்லி வரவேற்கிறார்கள். நான் குத்திவிட்டு, கையை மடக்கி, நெற்றி வியர்வையைத் துடைத்த பிறகுதான் குத்தின சத்தம் வரும். அதுவரை அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். ஆற்றங்கரையில் செத்துக் கிடப்பவன் மூக்கைச் சொறிவானே, அந்த இடத்துக்கு எழுந்து நின்று விசில் அடிக்கிறார்கள்.

கேலி செய்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் அது கேலி இல்லை. நல்ல சண்டைப் படத்தில் அடி விழுந்தால் பார்ப்பவனுக்கு வயிறு சுருங்கும். இதில் யாருக்கும் வலிக்கவில்லை என்பது கண்ணுக்கே தெரிகிறது. இடுப்பில் கயிறு தெரிகிறது, விழுகிற இடத்தில் மெத்தையின் மூலை தெரிகிறது. நூறு பேர் செத்தாலும் நிம்மதியாகச் சிரிக்கலாம். அதோடு, எங்களுக்கு வராததை உயிரைக் கொடுத்துச் செய்திருக்கிறோம். அதை அவர்கள் பார்க்கிறார்கள்.

அவர்களுக்கு ரொம்பப் பிடித்தது கடைசிச் சண்டை. உலகத்திலேயே மோசமான நடிப்பு என்று பெயர் வாங்கியிருக்கிறது. வில்லன் கருந்தேளாக வரும் மாமா பின்வாங்கிக்கொண்டே போகிறார், தடுக்கி விழுகிறார், கேமராவைப் பார்க்கிறார். நான் அழுதுகொண்டே அடிக்கிறேன். அவர் உள்ளங்கையைத் தூக்கிக் காட்டுகிறார். அங்கே தியேட்டர் மொத்தமும் கையைத் தூக்கி வசனத்தைக் கத்துகிறது. உள்ளங்கை படம் போட்ட பனியன்கூட விற்கிறார்களாம். அதில் நடிப்பே இல்லை என்பது உனக்கும் எனக்கும் மாமாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

தியேட்டர்காரர் என்னைத் தேடிப் பிடித்துவிட்டார். மார்ச் 7 அன்று நானும் மாமாவும் மேடையில் அந்தச் சண்டையைச் செய்து காட்ட வேண்டுமாம். மாமா சம்மதித்துவிட்டாராம். அன்று நான் செய்ததற்காக நீ என்னோடு பேச்சை விட்டாய். உன் கழுத்தில் அவர் விரல் பதிந்திருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் செய்தேன். இன்றைக்கு அதே இடத்தில் நின்றாலும் அதைத்தான் செய்வேன். ஆனாலும் உன்னைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. வரட்டுமா?

தம்பி


பிப்ரவரி 9

தம்பிக்கு,

இனி வீட்டுக்கு எழுதாதே. கடிதத்தை அவர்தான் வாங்கினார், பிரித்தார், படித்தார், பிறகு என்னிடம் நீட்டினார். "மச்சானுக்குப் பழசெல்லாம் நல்லா ஞாபகம் இருக்கு" என்றார். சிரித்தார்.

நான் அரசு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறேன். எழுதுவதானால் அந்த முகவரிக்கு எழுது. உறையின் பின்பக்கம் இருக்கிறது.

அவர் துணிக் கிடங்கு ஒன்றில் காவலாளி. நீ உடைத்த இடுப்பு சரியாகக் கூடவில்லை, இடது காலை இழுத்துத்தான் நடப்பார். தியேட்டர்காரர் வந்து போனதிலிருந்து தினமும் மொட்டைமாடியில் பயிற்சி செய்கிறார். தலைக்குச் சாயம் வாங்கினார். எனக்குப் பழம் வாங்கிவந்தார். அவர் சந்தோஷமாக இருப்பது எனக்குப் பழக்கமில்லை.

நீ வர வேண்டாம்.

ஒன்று கேட்கிறேன். அன்று காலை படப்பிடிப்புக்கு உங்கள் இரண்டு பேருக்கும் சாப்பாட்டுக் கேரியர் கொண்டுவந்தேன். கழுத்தில் கட்டியிருந்த துணியை நீ இழுத்துப் பார்த்தாய். அப்போது நான் உன்னிடம் ஒரு விஷயம் சொன்னேன். என்ன சொன்னேன் என்று ஞாபகம் இருக்கிறதா? யோசித்து எழுது.

அக்கா


பிப்ரவரி 14

அக்காவுக்கு,

ஞாபகம் இருக்கிறது. "வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கோ. நீ ஒண்ணும் பண்ணாதே" என்றாய். நீ எப்போதும் அப்படித்தானே, அப்பா அடித்த காலத்திலிருந்து. நாளைக்கு, அடுத்த வாரம், பண்டிகை முடியட்டும் என்று. எனக்குப் பொறுக்கவில்லை.

அன்று என்ன நடந்தது என்று உனக்கு யாரும் முழுதாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்கிறேன்.

எங்கள் தொழிலில் அடிப்பவனைக் 'கொடுக்கிறவன்' என்போம், அடிபடுபவனை 'வாங்குகிறவன்' என்போம். சண்டை வாங்குகிறவனுடையது. எங்கே படலாம், எவ்வளவு படலாம் என்று அவன்தான் சொல்வான். அவன் உள்ளங்கையை விரித்துத் தூக்கினால் எல்லாம் நிற்க வேண்டும். கேமரா ஓடினாலும் சரி, சண்டை மாஸ்டர் கத்தினாலும் சரி, நிற்க வேண்டும். சேர்ந்த முதல் நாள் சொல்லிக்கொடுப்பது இதைத்தான், குத்து அதற்கப்புறம்.

நான் கையுறைக்குள் இருந்த பஞ்சை உருவிப் போட்டுவிட்டுப் போனேன். முதல் குத்து தாடையில். மாமாவுக்குப் புரியவில்லை, ஏதோ தவறிப் பட்டுவிட்டது என்று நினைத்து, "பாத்து, மச்சான்" என்று உதட்டுக்குள் சொன்னார். இரண்டாவதில் பல் இரண்டு தெறித்தது. வாயிலிருந்து இரத்தம் நூலாக இறங்கி, ஒட்டியிருந்த தாடியில் ஊறியது. தாடியின் ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது. ஜனங்கள் விழுந்து விழுந்து சிரிப்பது அந்தத் தாடிக்குத்தான். அவர் திரும்பி ஓடினார். சட்டையைப் பிடித்து இழுத்து, குனியவைத்து, முழங்காலால் முகத்தில் ஏற்றினேன். கீழே விழுந்தவரை இடுப்பில் உதைத்தேன். காய்ந்த விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அது படத்தில் இல்லை, அதன்மேல் பறை முழக்கத்தைப் போட்டுவிட்டார்கள். அவர் உள்ளங்கையைத் தூக்கினார். பார்த்தேன். பார்த்துக்கொண்டே இன்னும் நான்கு உதை உதைத்தேன்.

டைரக்டர் கேமராவுக்குப் பின்னாலிருந்து, "அப்படித்தான், விடாதே!" என்று குதித்துக்கொண்டிருந்தார். மாஸ்டர்தான் ஓடிவந்து என் கழுத்தில் கையைப் போட்டு இழுத்தார்.

திரும்ப எடுக்க ஆள் இல்லை, கருந்தேள் ஆஸ்பத்திரியில். இருந்ததையே வைத்துக்கொண்டார்கள், கருந்தேள் சாகும் காட்சியை முன்பே எடுத்தாகியிருந்தது. வில்லன் சண்டை நடுவில் எதற்குக் கையைத் தூக்குகிறான் என்று பார்ப்பவர்கள் கேட்பார்களே. அதற்காக ஒரு வசனம் எழுதினார்கள்: "பார்! என் ரேகையில் உன் சாவு எழுதியிருக்கிறது!" மாமாவின் தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தது, பேச முடியாது. கிழவி வேஷங்களுக்குக் குரல் கொடுக்கும் ஒருவரைக் கூட்டிவந்து பேசவைத்தார்கள். அந்தக் கீச்சுக் குரலைத்தான் இப்போது முந்நூறு பேர் சேர்ந்து கத்துகிறார்கள்.

அதற்குப் பிறகு யாரும் என்னிடம் அடி வாங்க முன்வரவில்லை. கையைப் பார்த்தும் நிறுத்தாதவன் என்று பெயர் ஆகிவிட்டது. தொழில் போனது. போகட்டும், உன்மேல் அப்புறம் கை வைத்திருக்க மாட்டார் அல்லவா. அது போதும் எனக்கு.

மாமா நேற்று போன் செய்தார். "வா மச்சான், அதெல்லாம் சினிமா. மேடையில கட்டிப்புடிச்சு முடிச்சுக்கலாம்" என்றார். குரல் நன்றாகத்தான் இருந்தது. வருகிறேன்.

தம்பி


பிப்ரவரி 23

தம்பிக்கு,

சனிக்கிழமை நானும் போய்ப் பார்த்தேன். சலவைக்கூடத்து இஸ்திரி உருளைக்குள் என்னோடு துணியைச் செலுத்தும் இரண்டு பெண்கள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். படத்தில் இருப்பது என் தம்பி என்று அவர்களுக்குத் தெரியும். கருந்தேள் யார் என்று தெரியாது.

உண்மையைச் சொல்கிறேன், நான் சிரித்தேன். சும்மா புன்னகை இல்லை. வயிறு வலித்து, கண்ணில் தண்ணீர் வந்து, முன் நாற்காலியின் முதுகில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தேன். நீ மலையைத் தாண்டிப் பறக்கும்போது கயிறு உன் கால்சட்டையை மேலே இழுக்கிறது. "அக்கா, உங்க தம்பி மலையைக் காப்பாத்துறாரா, மானத்தைக் காப்பாத்துறாரா?" என்றாள் ஒருத்தி. மலை காற்றில் ஆடுகிறது. ஒருவன் சாவதற்கு முன்னால் விழும் இடத்தைக் குனிந்து தட்டிச் சுத்தம் செய்துகொள்கிறான். நீ எழுதியது சரிதான். வலி இல்லாத அடியை நான் அதுவரை பார்த்ததில்லை. அடி விழ விழ ஒரு கூட்டம் சந்தோஷமாக இருக்கலாம் என்பதே எனக்குப் புதுசாக இருந்தது.

பிறகு கடைசிச் சண்டை வந்தது. அவர் கையைத் தூக்கினார். முந்நூறு பேரும் தூக்கினார்கள். பக்கத்தில் இருந்தவள் என் மணிக்கட்டைப் பிடித்து என் கையையும் தூக்கிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை என்னவென்று நீ கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். வேலை செய்யும் பெண்கள் தங்கும் விடுதியில் எனக்கு ஒரு கட்டில் பேசி முடித்திருந்தேன். வெள்ளிக்கிழமை அது காலியாகிறது. அன்று அவருக்கு வெளியூரில் படப்பிடிப்பு. இரண்டு புடவையும் என் சான்றிதழ்களும் ஏற்கனவே அங்கே போய்விட்டன. நீ செவ்வாய்க்கிழமை அவரை அடித்தாய்.

வெள்ளிக்கிழமை நான் ஆஸ்பத்திரியில் அவருக்குக் குழாய் வழியாகக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தேன். படுக்கையில் கிடப்பவனை விட்டுவிட்டா போவாய் என்று அவர் வீட்டில் கேட்டார்கள், நம் வீட்டிலும் கேட்டார்கள். அவருடைய அண்ணிகள் இரண்டு பேரும் வந்து என் காலில் விழாத குறைதான். அவர் எழுந்து நடக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. கட்டிலை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள்.

தாடைக் கம்பியை எடுத்த வாரமே, படுத்த இடத்திலிருந்தே, அடி திரும்ப ஆரம்பித்தது. முன்பெல்லாம் குடித்தால் மட்டும்தான். இப்போது தொழில் போயிற்று, வாங்குவதற்கு அவருக்குப் பயம், கொடுப்பதற்கு நான் ஒருத்திதான் இருந்தேன். உங்கள் தொழில் எனக்கும் தெரியும், அவர் சொல்லிக்கொடுத்ததுதான். கையைத் தூக்கினேன். அவர் என் உள்ளங்கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பி, "என்ன எழுதியிருக்கு, படிக்கட்டுமா?" என்று அந்தக் கிழவிக் குரலில் கேட்டார். சுண்டுவிரலைப் பின்பக்கமாக மடக்கினார். அது இன்றும் நேராகாது. உருளையில் துணி கொடுக்கும்போது அந்த விரலை ஒதுக்கிவைத்துக்கொள்ளப் பழகிவிட்டேன்.

இதை உன்னை நோகடிக்க எழுதவில்லை. காரணம் இருக்கிறது. படத்தில் கருந்தேள் வைத்திருக்கும் கறுப்புத் தடி, உள்ளே வெறும் பஞ்சு என்று உனக்குத் தெரியும். தியேட்டர்காரர் அதேபோல் புதிதாக ஒன்று செய்து கொடுத்தார். போன வாரம் பெருக்கும்போது அதை நகர்த்தினேன். நகரவில்லை. இரண்டு கையாலும் தூக்கினேன். கிடங்கின் ஷட்டரிலிருந்து இரும்புக் கம்பி ஒன்றைக் கழற்றி, பஞ்சைக் கிழித்து உள்ளே செருகி, மேலே கறுப்பு டேப் சுற்றியிருக்கிறார். எடுத்து ஒளிக்கலாம் என்றால், வேலைக்குப் போகும்போது கூடவே கொண்டுபோகிறார். தூங்கும்போது கட்டிலில் பக்கத்திலேயே கிடக்கிறது.

மேடையில் உன் மண்டை உடைந்தாலும் எல்லோரும் சிரிப்பார்கள். அது அவருக்கு நன்றாகத் தெரியும். வராதே.

அக்கா


பிப்ரவரி 27

அக்கா,

கடிதத்தை லிஃப்ட் மோட்டார் அறையில் உட்கார்ந்து படித்தேன்.

வருகிறேன். கம்பியோடு அடிக்கட்டும். எடை முன்கூட்டியே தெரிந்தால் அடியை எப்படி வாங்குவது என்று எனக்குத் தெரியும். தலையை மட்டும் காப்பாற்றிக்கொள்வேன். அவருக்கு என்னிடம் வர வேண்டியதை அவர் எடுத்துக்கொள்ளட்டும். மனசு ஆறிவிட்டால் அதற்கப்புறம் உன்னை விட்டுவிடுவார். எனக்கும் இதுதான் நியாயமாகப் படுகிறது. தியேட்டர்காரரிடமோ போலீஸிடமோ எதுவும் சொல்லிவிடாதே.

தம்பி


மார்ச் 3

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்து எனக்கு அழுகை வரும் என்று நினைத்திருப்பாய். சாக்கடையில் போடலாமா என்றுதான் தோன்றியது.

நீ அவரை அடித்தாய், எனக்காக என்றாய். இப்போது அவரிடம் அடி வாங்கப் போகிறாய், அதுவும் எனக்காக என்கிறாய். இரண்டு தடவையும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று நான் சொன்னதையும் கேட்கவில்லை, இன்று சொல்வதையும் கேட்கவில்லை. அடித்தால் அவருக்கு மனசு ஆறும் என்று உனக்கு யார் சொன்னது? பதினெட்டு வருஷமாக அடிக்கிறார். ஆறின ஒரு நாளை நான் பார்த்ததில்லை.

போலீஸிடம் போனேன். "இன்னும் எதுவும் நடக்கலையேம்மா" என்றார்கள். தியேட்டர்காரருக்குப் போன் செய்து தடிக்குள் கம்பி இருக்கிறது என்றேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு, "அக்கா, செம்ம! இதையே போஸ்டர்ல போட்டுடலாமா? 'கருந்தேளின் பழிவாங்கல், இந்தத் தடவை நிஜ இரும்பு!'" என்றார். நான் விளம்பரத்துக்குத்தான் கூப்பிட்டேன் என்று நினைத்துவிட்டார். எத்தனை தடவை சொன்னாலும் சிரிக்கிறார். போஸ்டர் ஒட்டியாகிவிட்டது. இன்று வேலைக்கு வரும் வழியில் பார்த்தேன்.

எனக்கு உன் கடன் எதுவும் வேண்டாம். நீ வந்தால் நான் உன் முகத்தில் விழிக்க மாட்டேன்.

அக்கா


மார்ச் 16
எலும்பு முறிவு வார்டு

அக்கா,

இடது கையால் எழுதுகிறேன், கோழி கிளறினது போல இருக்கும். வலது கைக்குத் தோளிலிருந்து கட்டுப் போட்டிருக்கிறது. காறை எலும்பு உடைந்திருக்கிறது, விலா மூன்று. தலை தப்பித்தது.

நீ கீழே, இதே கட்டடத்தின் அடித்தளத்தில்தான் வேலை செய்கிறாய் என்று விரிப்பு மாற்ற வரும் அம்மா சொன்னார். "உங்க அக்கா தினமும் உங்களைக் கேக்குறாங்க, ஆனா மேல வர மாட்டேங்குறாங்க" என்றார். அவரிடமே இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன்.

எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன், மீதியை நீ சொல்.

மேடை ஏறினதும் கூட்டம் எழுந்து நின்றது. மாமா அந்தக் கறுப்பு உடையில், சாயம் போட்ட தலையோடு, காலை இழுத்துக்கொண்டு வந்தார். அதற்கும் கைதட்டினார்கள், நடை என்று நினைத்து. முதல் அடி விலாவில். உடம்பைத் தளர்த்தி வாங்கினேன். என்றாலும் மூச்சு ஒரேயடியாகப் போய்விட்டது. எனக்கு ஆச்சரியமாக இருந்தது என்ன தெரியுமா, சத்தமே இல்லை. பஞ்சுக்குள் இரும்பு, சதைக்குள் எலும்பு. தலையணையைத் தட்டினது போல ஒரு 'பொத்'. கூட்டம் வாயாலேயே சத்தம் கொடுத்தது, எங்கள் படத்தைப் போலவே தாமதமாக. இரண்டாவது கையில் விழுந்தது. கை இருந்த இடத்தில் நெருப்பை வைத்தாற்போல் இருந்தது. முழங்காலில் விழுந்தேன். மாமா என் காதருகே குனிந்து, "வாங்கிக்கோ மச்சான், இன்னும் நிறைய இருக்கு" என்றார். காறை எலும்பு மூன்றாவதில் போயிற்று.

கையைத் தூக்கக் கூடாது என்று முடிவு செய்துதான் வந்தேன். கை தானாகவே போயிற்று. இடது உள்ளங்கை, விரித்து, அவர் முகத்துக்கு நேரே.

அரங்கம் முழுக்கக் கைகள் எழுந்தன. வெளிச்சத்தில் எல்லா உள்ளங்கையும் தெரிந்தது. எல்லா முகமும் சிரித்துக்கொண்டிருந்தது. "பார்! என் ரேகையில்" என்று கத்தினார்கள். அவ்வளவு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த நேரத்தில் நான் மாமாவை நினைக்கவில்லை. வெளிச்சத்தில் உன் கையைத் திருப்பிப் படித்தார் என்று எழுதினாயே, அதைத்தான் நினைத்தேன். உனக்கு முந்நூறு பேர்கூட இல்லை.

பிறகு என் கண்ணுக்கு நேரே ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. மருத்துவமனையில் கொடுக்கும் நீலச் செருப்பு. அதற்கு மேல் ஞாபகம் இல்லை.

போலீஸ் வந்து புகார் கேட்டார்கள். உன்னைக் கேட்காமல் எதுவும் சொல்வதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

தம்பி


மார்ச் 22

தம்பிக்கு,

உன் வார்டு விரிப்புகள் என்னிடம்தான் வருகின்றன. உன் கட்டில் எண் ஓரத்தில் எழுதியிருக்கும். இரத்தக் கறையைப் பச்சைத் தண்ணீரில்தான் ஊறவைக்க வேண்டும், சுடுநீர் பட்டால் பிடித்துக்கொள்ளும். முதல் இரண்டு நாள் உன் விரிப்பை இயந்திரத்தில் போடாமல் கையால் அலசினேன். வியாழக்கிழமையிலிருந்து கறை இல்லை. அதனால் நீ பிழைத்துக்கொண்டாய் என்று எனக்குத் தெரியும், மேலே வந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன்.

அன்று வேலை முடிந்து நேராகத் தியேட்டருக்கு வந்தேன், சீருடைகூட மாற்றவில்லை. பக்கவாட்டுப் படிக்கட்டின் அருகே நின்றிருந்தேன். நீ கையைத் தூக்கியதும் ஏறினேன். கூட்டம் இன்னும் பெரிதாகக் கத்தியது. நான் படத்தில் இல்லாத புதுப் பாத்திரம் என்று நினைத்திருக்கிறார்கள். "சிஸ்டர் வந்துட்டாங்கடா!" என்று ஒருவன் கத்தினான். நீல உடையைப் பார்த்து நர்ஸ் என்று நினைத்துவிட்டான் போல.

அவர் தடியை நான்காவது தடவை ஓங்கியிருந்தார். உன் தலைக்கு. நான் நடுவில் நின்று என் கையைத் தூக்கினேன், கோணல் விரலோடு. வீட்டில் அந்தக் கையை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார், ஒரு தடவைகூட நிறுத்தியதில்லை. அங்கே நின்றுவிட்டார். மனசு மாறியதால் இல்லை. விளக்கு அடிக்கிறது, ஜனம் பார்க்கிறது, முன்னால் ஒரு பாத்திரம் வந்து நிற்கிறது. தன் அடுத்த வசனம் என்னவென்று தெரியாத நடிகனைப் போல நின்றார். நான் கையை நீட்டினேன். படத்தில் கடைசியில் கருந்தேள் தடியை ஒப்படைத்துவிட்டுத்தானே சாகிறான். பழக்க தோஷம், கொடுத்துவிட்டார்.

நூல் வெட்டும் கத்தரி எப்போதும் என் இடுப்பில் இருக்கும். மேடை விளிம்புக்குப் போய், கூட்டத்தைப் பார்த்து நின்று, டேப்பை மேலிருந்து கீழே வெட்டினேன். அதற்கும் சிரித்தார்கள். பஞ்சைப் பிரித்துத் தடியைக் கவிழ்த்தேன். கம்பி மரப்பலகையில் விழுந்தது.

அந்தத் தியேட்டரில் அந்தப் படம் ஓடின அத்தனை நாளில் சரியான நேரத்தில் வந்த ஒரே சத்தம் அதுதான். கம்பி உருண்டு முதல் வரிசைக்கு முன்னால் போய் நின்றது. தூக்கிய கைகள் தூக்கியபடியே இருந்தன. சிரிப்பு முன்வரிசையில் நின்றது, பிறகு அதற்குப் பின்னால், பிறகு மாடியில். எங்கோ ஒரு பெண் மட்டும் கடைசிவரை சிரித்துவிட்டு, தனியாகக் கேட்டதும் வாயை மூடிக்கொண்டாள். நீ மூச்சு விடும் சத்தம் கேட்டது. விலா உடைந்தவன் மூச்சு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அவர் ஓடப் பார்த்தார். கால் வரவில்லை. முன்வரிசையில் இருந்தவர்கள் ஏறிப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு பேர் அடிக்க ஆரம்பித்தார்கள். வேண்டாம் என்றேன். இந்தத் தடவை நிறுத்தினார்கள்.

போலீஸில் என் புகாரைக் கொடுத்துவிட்டேன். விரலை எக்ஸ்ரே எடுத்தார்கள், பழைய முறிவுகள் இன்னும் நான்கு இருக்கின்றனவாம். உன் புகார் உன்னுடையது, நீயே முடிவு செய். என்னைக் கேட்க நினைத்ததற்குச் சந்தோஷம்.

உன் ஊருக்கு வந்து உன் அறையிலேயே தங்கச் சொல்லி அந்த அம்மாவிடம் சொல்லியனுப்பினாயாம். வர மாட்டேன். விடுதியில் கட்டில் கிடைத்துவிட்டது. அதே விடுதி இல்லை, அதை இடித்துவிட்டார்கள். ஜன்னல் ஓரக் கட்டில். வெள்ளிக்கிழமைதான் போனேன்.

தியேட்டர்காரர் என்னைத் தேடி வந்தார். முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டே, "அக்கா, நீங்க சொன்னீங்க. நான்தான்…" என்று அழுதார். படத்தை இனிமேல் போடுவதில்லை என்றார். போடுங்கள் என்றேன். அந்த மலைக்கும் வாட்சுக்கும் என்ன குற்றம்? கருந்தேள் கையைத் தூக்கும் இடத்தில் மட்டும் சத்தத்தை நிறுத்தச் சொன்னேன். வசனமும் வேண்டாம், பறையும் வேண்டாம்.

நேற்று சனிக்கிழமை, போனேன். அந்த இடம் வந்ததும் திரையில் அவர் வாய் அசைந்தது. கிழவிக் குரல் இல்லாமல் பார்த்தால் உதட்டில் என்ன சொல்கிறார் என்று தெளிவாகத் தெரிகிறது. "போதும், மச்சான்." நீ உதைத்துக்கொண்டே இருந்தாய். யாரும் கையைத் தூக்கவில்லை. பின்னால் புதிதாக வந்த சிலர் சிரித்தார்கள், அவர்களுக்குத் தெரியாது. நான் கண்ணை மூடவில்லை. உன்னையும் பார்த்தேன், அவரையும் பார்த்தேன்.

பிறகு, எல்லாம் முடிந்து பிணங்கள் கிடக்கும் ஆற்றங்கரைக் காட்சி வந்தது. அரங்கம் இன்னும் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தது. செத்துக் கிடந்தவன் மெல்லக் கையைத் தூக்கி மூக்கைச் சொறிந்தான். நான்தான் முதலில் சிரித்தேன்.

நாளை உன் வார்டுக்கு விரிப்புகளை நானே மேலே கொண்டுவருகிறேன்.

அக்கா